பதினொரு வயசுல பாலே ஹாஸ்டலா, இல்ல பதினாறு வரைக்கும் வீட்லேர்ந்தேவா?

இயர் ஃபைவ்ல (ஒம்பது, பத்து வயசு) படிக்கற பொண்ணோட டான்ஸ் டீச்சர் ஒரு நாள் க்ளாஸ் முடிஞ்சதும் நம்மள ஓரமா கூப்பிட்டு, "இவள வொகேஷனல் ஸ்கூல் ஆடிஷனுக்கு அனுப்பிப் பாக்கலாமே"ன்னு சொல்லிட்டா போதும், அன்னிலேர்ந்து வீடு ரெண்டு பட்டுடும். (வொகேஷனல் ஸ்கூல்னா படிப்போட சேத்து டான்ஸையும் தினமும் சொல்லித் தர்ற ஸ்கூல், பெரும்பாலும் ஹாஸ்டலோட.) அப்பா லெவன் பிளஸ் (கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) டியூஷன் என்னாகும்னு கேப்பாரு, ஊர்லேர்ந்து பாட்டி வீடியோ கால்ல "பரதம் இருக்கறப்ப இது எதுக்குடி"ன்னு கேப்பாங்க, பொண்ணு இது எதையும் காதுல வாங்காம கிச்சன் மேடைய பிடிச்சுக்கிட்டு ப்ளியே (முழங்கால மடக்கி இறங்கற பாலே அசைவு) பண்ணிட்டு நிப்பா. இங்கிலாந்துல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப இந்த இடத்துல வந்து நிக்கறாங்க, என்கிட்ட கேக்கவும் கேக்கறாங்க, அதனால தெரிஞ்சத மொத்தமா ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

என் பொண்ணு வீட்லேர்ந்தே கத்துக்கறவ, இப்ப இயர் டென். என் ஃப்ரெண்டோட பொண்ணு இயர் செவன்லயே ஹாஸ்டலுக்குப் போனவ. ரெண்டு பேரும் சின்னதுலேர்ந்து ஒரே டீச்சர்கிட்ட ஒரே பார்ல (பிடிச்சுக்கிட்டு பயிற்சி பண்ற கம்பி) நின்னவங்க. அதனால ரெண்டு வழியையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கு, அத மறைக்கப் போறதில்ல.

முதல்ல 11 வயசு வழி. இயர் செவன்லேர்ந்து எடுக்கறதுல பெரிய பேரு ராயல் பாலே ஸ்கூல், அதோட லோயர் ஸ்கூல் ரிச்மண்ட் பார்க் உள்ள ஒயிட் லாட்ஜ்ல இருக்கு, மான் மேயற பார்க் நடுவுல அந்த வெள்ளைக் கட்டடத்த பாத்துட்டு வந்த எந்தப் புள்ளையும் அத மறக்காது. அடுத்து பர்மிங்ஹாம்ல எல்ம்ஹர்ஸ்ட், இது 2004ல கேம்பர்லிலேர்ந்து எட்ஜ்பாஸ்டனுக்கு மாறி வந்துச்சு, பர்மிங்ஹாம் ராயல் பாலேயோட சேந்து இயங்குது. ஹர்ட்ஃபர்ட்ஷயர்ல டிரிங் பார்க், அங்க பாலே மட்டும் இல்ல, ஆக்டிங், மியூசிக்கல் தியேட்டரும் உண்டு. செஸ்டர்ல ஹாமண்ட். இந்த நாலும்தான் கவர்மென்ட்டோட மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம்ல வர்ற டான்ஸ் ஸ்கூல்கள்னு எல்லாரும் சொல்றது, பணம் பேசறப்ப அத பத்தி சொல்றேன்.

இந்த வழில கிடைக்கறது நெஜமாவே பெரிய விஷயம், அத குறைச்சுப் பேசக்கூடாது. தினமும் பாலே. ஒரே டீச்சரோட கண்ணு தினமும் மேல இருக்கறதால தப்பு பழக்கம் ஊறதுக்கு முன்னாடியே திருத்திடுவாங்க. ஸ்ப்ரங் ஃப்ளோர் (குதிச்சா அதிர்ச்சி தாங்கற தரை), பியானோ வாசிக்க ஆளு, ஃபிசியோ எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கும், அடிபட்டா ஜிபி அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்துக் கெடக்க வேண்டியதில்ல. எல்லாத்தையும் விட, சுத்தி இருக்கற எல்லா புள்ளைங்களும் இதே பைத்தியம். சாதாரண ஸ்கூல்ல தனியா விசித்திரமா தெரிஞ்ச புள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு என் ஃப்ரெண்டு பொண்ணோட முகத்துல பாத்தேன், முதல் அரை டெர்ம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப அவ பேசறத நிறுத்தவே இல்ல.

ஆனா இதோட அடில ஒரு கணக்கு இருக்கு, அதத்தான் யாரும் ஓப்பன் டேல விளக்கிச் சொல்றதில்ல. 11 வயசுல ஆடிஷன் பேனல் பாக்கறது ஒரு குழந்தையோட உடம்ப. இடுப்பு எவ்வளவு திரும்புது, பாதம் எப்படி வளையுது, கை கால் நீளம், முதுகு. அந்த உடம்பு அப்படியே இருக்கப் போறதில்ல. பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் 11லேர்ந்து 13க்குள்ள சடார்னு வளர்த்தி வரும், எலும்பு முதல்ல நீளும், தசை பின்னாடிதான் வந்து சேரும், அந்த இடைவெளில நேத்து வரைக்கும் காதுக்கு மேல போன கால் இன்னிக்கு போகாது, பேலன்ஸ் தடுமாறும், ஹாம்ஸ்ட்ரிங் இறுகிடும், புள்ளைக்கு தன் உடம்பே தன் பேச்ச கேக்காத மாதிரி இருக்கும். இது நோயில்ல, எல்லாருக்கும் வர்றதுதான், கொஞ்ச நாள்ல சரியாயிடும். ஆனா வொகேஷனல் ஸ்கூல்ல இருக்கற புள்ளைக்கு இந்த நேரத்துலதான் வருஷாந்திர அசெஸ்மென்ட்டும் வரும்.

அந்த அசெஸ்மென்ட்ட பத்தி தெளிவா தெரிஞ்சுக்கங்க. இயர் செவன்ல சீட் கிடைச்சா இயர் லெவன் வரைக்கும் உறுதின்னு தானா நெனைச்சுக்காதீங்க, இப்ப எப்படின்னு ஒவ்வொரு ஸ்கூல்லயும் கேட்டுக்கங்க, இந்த ஸ்கூல்கள்ல நடுவுல "உன் எதிர்காலம் வேற பக்கம் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பற வழக்கம் ரொம்ப காலமா இருந்திருக்கு. அதோட லோயர் ஸ்கூல்லேர்ந்து 16ல அப்பர் ஸ்கூலுக்குப் போறதும் தானா நடக்காது, அங்க உலகம் பூரா இருந்து வர்ற புள்ளைங்களோட போட்டி போடணும். ஃப்ரெண்டு பொண்ண இயர் நைன் முடியறப்ப போகச் சொல்லிட்டாங்க. எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், அது முக்கியமும் இல்ல. நடந்தது என்னன்னு மட்டும் சொல்றேன்: ஜிசிஎஸ்இ (16 வயசுல எழுதற பொதுத் தேர்வு) ஆப்ஷன்ஸ் அப்பதான் எடுத்து முடிச்சிருந்தா, வீட்டுப் பக்கம் நல்ல ஸ்கூல் எதுலயும் இயர் டென்ல இடம் இல்ல, கடைசில இடம் கிடைச்ச ஸ்கூல்ல அவ எடுத்திருந்த ரெண்டு சப்ஜெக்ட் சொல்லித் தர்றதே இல்ல, புதுசா வேற எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சா. இதெல்லாம் சமாளிக்கக்கூடியது, சமாளிச்சுட்டா. ஆனா கூடவே இருந்த பதிமூணு பதினாலு வயசு ஃப்ரெண்ட்ஸ் மொத்தமும் ஒரே நாள்ல போயிட்டாங்க பாருங்க, அதுதான் அவள ரொம்ப நாள் போட்டு உலுக்கிச்சு. அவகிட்டயே கேட்டா "ஆன்ட்டி, திரும்ப 11 வயசானாலும் நான் போவேன்"னுதான் சொல்றா. அதையும் சேத்துத்தான் நான் சொல்லணும்.

2023 செப்டம்பர்ல பிபிசி பனோரமால இந்த விஷயம் பெருசா வந்துச்சு, ராயல் பாலே ஸ்கூல்லயும் எல்ம்ஹர்ஸ்ட்லயும் படிச்ச பழைய மாணவர்கள் பலர் உடம்பப் பத்தி அவங்க கேட்ட பேச்சு, எடை, சாப்பாடு இதெல்லாம் எப்படி அவங்கள பாதிச்சுதுன்னு சொன்னாங்க. அத பாத்துட்டு எல்லா ஸ்கூலும் மோசம்னு முடிவு கட்ட வேண்டாம், நலன் சார்ந்த ஏற்பாடுகள் பத்தி இப்ப ஸ்கூல்களே முன்ன விட வெளிப்படையா பேசறாங்க. ஆனா பெத்தவங்களா நாம கேள்வி கேக்கற உரிமைய அது நம்ம கைல குடுத்திருக்கு. பீரியட்ஸ் நின்னு போறது டான்ஸர்களுக்கு சகஜம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உடம்பு செலவழிக்கற அளவுக்கு சாப்பாடு உள்ள போகலன்னா பீரியட்ஸ் நிக்கும், எலும்பு பலவீனமாகும், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வரும், டீன் ஏஜ்ல சேர வேண்டிய எலும்பு பலம் அப்புறமா முழுசா திரும்பி வராது. ஹாஸ்டல்ல இருக்கற புள்ளையோட தட்டுல என்ன விழுதுன்னு நமக்குத் தெரியாதுங்கறது, சைவம் சாப்பிடற வீட்டுப் புள்ளைங்க விஷயத்துல, சின்ன கவலை இல்ல.

இப்ப பணம். முழு ஃபீஸ் கட்டி ஹாஸ்டல்ல போட்டா வருஷத்துக்கு 30,000 பவுண்டுக்கு மேல ஆகும், 2025 ஜனவரிலேர்ந்து ப்ரைவேட் ஸ்கூல் ஃபீஸ் மேல 20% வாட் வேற. ஆனா இங்கதான் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் வருது. ஆடிஷன்ல தேர்வாகி, அந்த ஸ்கீம் இடமும் கிடைச்சா, நம்ம குடும்ப வருமானத்துக்கு ஏத்த மாதிரிதான் நம்ம பங்கு கட்டணும், வருமானம் ரொம்ப கம்மின்னா ஃபீஸ் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. அதனால "நமக்கெல்லாம் எங்க கட்டுப்படியாகும்"னு கேக்காமலே விட்டுடாதீங்க. சிக்கல் நடுவுல இருக்கறவங்களுக்குத்தான், ரெண்டு பேரும் ஐடில இருந்து மார்ட்கேஜும் கட்டற வீட்டுக்கு கணக்குல வசதி மாதிரி தெரியும், கைல பணம் நிக்காது. இன்னொண்ணு, இந்த ஸ்கீமுக்கு ரெசிடென்சி ரூல்ஸ் உண்டு. ஸ்கில்டு வொர்க்கர் விசால இருக்கறவங்க, ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) இன்னும் வராதவங்க ஆடிஷனுக்கு முன்னாடியே ஸ்கூல் பர்சரி ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க, புள்ளைக்கு சீட் கிடைச்சதுக்கப்பறம் "நம்மால முடியாதும்மா"ன்னு சொல்ற நெலம எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

அடுத்தது வீட்டு வழி. சாதாரண செகண்டரி ஸ்கூல், சாயங்காலம் லோக்கல் டீச்சர், வாரக்கடைசில அசோசியேட்ஸ் இல்லன்னா கேட் (ரெண்டும் என்னன்னு கீழ சொல்றேன்). இதத்தான் நான் சாய்வோட பேசப் போறேன், ஆனா இதுலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, முதல்ல அதச் சொல்லிடறேன். இந்த வழி முழுக்க அந்த லோக்கல் டீச்சர் ஒருத்தர நம்பி நிக்குது. அவங்க சுமாரா இருந்தா 16ல ஆடிஷன் ரூம்ல நிக்கறப்பதான் தெரியும், அப்ப திருத்த நேரம் இருக்காது.

டீச்சர் நல்லவரான்னு நமக்கு பாலே தெரியாமலே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். பேரன்ட்ஸ் வாட்ச்சிங் வீக்ல போய் உக்காந்து, புள்ளைங்க ப்ளியே பண்றப்ப முழங்காலையும் பாதத்தையும் மட்டும் பாருங்க. முழங்கால் மடங்கறப்ப அது கால் விரலுக்கு நேர் மேல போகணும். பாதம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு கோடு மாதிரி நிக்குது, ஆனா முழங்கால் முன்னாடி பாத்து விழுது, உள்ளங்கால் வளைவு தரைல சரிஞ்சு கெடக்குதுன்னா, அந்தப் புள்ள இடுப்புலேர்ந்து திருப்பாம பாதத்தை முறுக்கி டர்ன்அவுட் (கால் வெளிப்பக்கமா திரும்பறது) காட்டுது. ஒரு புள்ள அப்படி பண்ணா அது புள்ளையோட பழக்கம், டீச்சர் திருத்திட்டு இருப்பாங்க. க்ளாஸ் மொத்தமும் அப்படி நின்னு, டீச்சர் ஒண்ணும் சொல்லாம நடந்து போனாங்கன்னா, வேற இடம் பாருங்க. பரதம் கத்துக்கிட்ட அம்மாக்களுக்கு இது சட்டுனு பிடிபடும், அரைமண்டிலயும் இதே இடுப்பு, இதே முழங்கால் கணக்குதான்.

ரெண்டாவது, பாயிண்ட் ஷூ (விரல் நுனில நின்னு ஆடற ஷூ) எப்ப போட விடறாங்க. எட்டு ஒம்பது வயசுல போட்டோவுக்கு அழகா இருக்குன்னு மாட்டி விடற இடத்துலேர்ந்து அன்னிக்கே வெளிய வந்துடுங்க. 11, 12 வயசாகி, சில வருஷம் ஒழுங்கா பயிற்சி இருந்து, ஒத்தக் கால்ல நின்னு திரும்பத் திரும்ப நேரா ஏறி இறங்கற பலம் இருக்கான்னு பாத்து அப்பறம்தான் நல்ல டீச்சர் சம்மதிப்பாங்க. எக்ஸாம் கிரேடு பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க, டான்ஸ் எக்ஸாம் நடத்தற ஆர்ஏடி, ஐஎஸ்டிடி ரெண்டுமே நல்ல சிலபஸ்தான், கிரேடு சிக்ஸ்லேர்ந்து யுனிவர்சிட்டி அட்மிஷனுக்கு யூகாஸ் பாயின்ட்டும் உண்டு, ஆனா ஆடிஷன் பேனலுக்கு டிஸ்டிங்ஷன் சர்டிஃபிகேட் தேவையே இல்ல, அவங்க முன்னாடி நிக்கற உடம்பத்தான் பாப்பாங்க. வருஷம் பூரா ஒரே எக்ஸாம் பீஸ்களையே ஓட்டிட்டு இருக்கற க்ளாஸ்ல வளந்த புள்ளைக்கு, ஆடிஷன்ல புதுசா ஒரு என்செய்ன்மன்ட் (ஸ்டெப்களோட தொடர்) ஒரே தடவ காட்டிட்டு "ஆடு"ன்னு சொன்னா கை கால் ஓடாது. சிலபஸ் இல்லாத ஓப்பன் க்ளாஸ் வாரத்துக்கு ஒண்ணாவது இருக்கணும்.

அசோசியேட்ஸ்னா பெரிய ஸ்கூல்கள் வாரக்கடைசில நடத்தற க்ளாஸ். ராயல் பாலே ஸ்கூலோட ஜூனியர் அசோசியேட்ஸ் 1948லேர்ந்து நடக்குது, எட்டு வயசுலேர்ந்து எடுப்பாங்க, லண்டன் மட்டும் இல்ல வேற ஊர்கள்லயும் நடக்கும், அப்பறம் மிட், சீனியர்னு வயசுக்கேத்த மாதிரி போகும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆடிஷன் உண்டு. எல்ம்ஹர்ஸ்ட், டிரிங்கும் இதே மாதிரி நடத்தறாங்க. ஜூனியர் அசோசியேட்ல இருந்தா ஒயிட் லாட்ஜ் சீட் பாதி கிடைச்ச மாதிரின்னு நம்ம ஆளுங்க மத்தில ஒரு பேச்சு இருக்கு, அது சுத்தமா தப்பு, அங்க இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சீட் கிடைக்காது. அத அதுக்காகவே நல்ல க்ளாஸா எடுத்துக்கிட்டு போனாத்தான் நிம்மதி.

கேட்ங்கறது செண்டர் ஃபார் அட்வான்ஸ்டு டிரெய்னிங், 10லேர்ந்து 18 வயசு வரைக்கும், லீட்ஸ்ல நார்தர்ன் பாலே, லண்டன்ல தி ப்ளேஸ், டிரினிட்டி லாபன், இப்ஸ்விச்ல டான்ஸ்ஈஸ்ட், நியூகாசில்ல டான்ஸ் சிட்டி, சால்ஃபர்டுல லோரி, இப்படி நாடு முழுக்க இருக்கு. இதுலயும் வருமானத்த பாத்து கிராண்ட் உண்டு. பெரும்பாலும் கன்டெம்பரரி பக்கம் சாயும், லீட்ஸ்ல பாலே பலமா இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு இது தெரியவே இல்ல, பாலேன்னா ஒயிட் லாட்ஜ் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு நெனைச்சுட்டு இருக்காங்க. என் பொண்ணுக்கு கன்டெம்பரரி க்ளாஸ்தான் முதுக தளர விட்டு மூச்சு விட்டு ஆடக் கத்துக் குடுத்துச்சு, அது அவ பாலேலயும் தெரிஞ்சுது.

இந்த வழில செலவு பொட்டு பொட்டா போகும், சேத்துப் பாத்தா மலைப்பா இருக்கும். வார க்ளாஸ், அசோசியேட்ஸ் ஃபீஸ், டிரெயின் டிக்கெட், சம்மர் ஸ்கூல், பாயிண்ட் ஷூ. ஷூ ஒரு ஜோடி 50 பவுண்டு பக்கம் ஆகும், வளர்ற புள்ளைக்கு பாதமும் மாறிட்டே இருக்கும், ஷூ தேயறதுக்கு முன்னாடியே பத்தாமப் போகும், நிறைய ஆடற புள்ளைக்கு பத்தறப்பவே நைஞ்சுடும். ஒரு விஷயம் நம்ம புள்ளைங்களுக்காக சொல்லணும்: பிங்க் சாட்டின் ஷூவும் பிங்க் டைட்ஸும் யாரோட தோல் நெறத்த வெச்சு வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கால் கோடு உடம்போட சேந்து ஓடணும்னா ஷூ தோல் நெறத்துல இருக்கணும், அதுக்காக கறுப்பு டான்ஸர்கள் எத்தனையோ வருஷம் ஷூ மேல மேக்கப் பவுண்டேஷன ஸ்பான்ஜால ஒத்தி ஒத்தி நெறம் ஏத்திட்டு இருந்தாங்க. 2018ல ஃப்ரீட் கம்பெனி கறுப்பு, ஆசிய டான்ஸர்களோட பாலே பிளாக் குழுவோட சேந்து பிரவுன் ஷேடுகள்ல பாயிண்ட் ஷூ கொண்டு வந்துச்சு. உங்க டீச்சர்கிட்ட தோல் நெறத்துக்கு டைட்ஸ் போடலாமான்னு கேளுங்க. அவங்க பதில் சொல்ற தொனிலயே அந்த இடத்தப் பத்தி நிறைய தெரிஞ்சுடும்.

வீட்டு வழில புள்ள களைச்சுப் போறது பெரிய கஷ்டம். ஸ்கூல் முடிஞ்சு, கார்லயே டப்பால சாப்பிட்டு, க்ளாஸ் போய், ஒம்பதரைக்கு வந்து ஹோம்வொர்க். ஹாஸ்டல்ல பகல்லயே பயிற்சி முடிஞ்சுடுது, இங்க ராத்திரிதான். 14, 15 வயசுல புரொஃபஷனல் பக்கம் போகணும்னு தீர்மானமா இருக்கற புள்ளைக்கு வாரத்துக்கு பத்து மணி நேரத்துக்கு மேல தேவைப்படும்னு நான் நெனைக்கறேன், அத ஜிசிஎஸ்இயோட ஓட்டறது சும்மா இல்ல. ஆனா பதிலுக்கு கிடைக்கறது என்னன்னா, புள்ள ராத்திரி நம்ம வீட்ல தூங்குது, வளர்த்தி வந்து கால் ஏறாத மாசங்கள்ல அழறதுக்கு அம்மா மடி இருக்கு, அந்த மாசங்களுக்கு மார்க் போட யாரும் இல்ல. ஒரு நாள் வந்து "எனக்கு இது வேண்டாம்"னு சொன்னாலும் ஸ்கூல் மாற வேண்டியதில்ல, ஃப்ரெண்ட்ஸ் மாற வேண்டியதில்ல.

நடுவுல ரெண்டு மூணு வழி இருக்கு. ஸ்கூல் பக்கத்துலயே வீடுன்னா டே பிளேஸ் (ஹாஸ்டல் இல்லாம வீட்லேர்ந்து தினமும் போய் வர்ற சீட்) கேளுங்க, அது எல்லாத்துலயும் நல்லது, டிரிங் பக்கமோ பர்மிங்ஹாம்லயோ இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க. ஹோம் எஜுகேஷன் போட்டு பகல்ல பூரா ப்ரைவேட் கோச்சிங் பண்றது இப்ப அதிகமாயிட்டு வருது, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஹாஸ்டலோட தனிமையும் வீட்டு வழியோட நிச்சயமின்மையும் சேந்து வந்துடும், ஃபிசியோவும் இருக்காது, மேற்பார்வையும் இருக்காது. இன்னொண்ணு, இயர் செவன்ல கிடைக்கலன்னா இயர் எய்ட், நைன்லயும் சேரலாம், இடம் காலியானா எடுப்பாங்க. பின்னாடி ராயல் பாலேல பெரிய நட்சத்திரமான டார்சி பஸ்ஸல் ராயல் பாலே ஸ்கூலுக்குப் போனது 13 வயசுலதான். அதே மாதிரி ராயல் பாலேல ஆடிப் பேரெடுத்த ஸ்டீவன் மெக்ரே ஆஸ்திரேலியாலேர்ந்து வந்து 2003ல ப்ரீ டி லோசான் (இளம் டான்ஸர்களுக்கான சர்வதேச போட்டி) ஜெயிச்சு அப்பர் ஸ்கூலுக்கே நேரா வந்தவர். விதிவிலக்கான திறமைங்கதான், ஒத்துக்கறேன், ஆனா 11ல கதவு மூடிடுதுன்னு சொல்றவங்களுக்கு பதில் இருக்கு.

ஆடிஷன் எப்படின்னா, முதல்ல ஃபார்மோட குறிப்பிட்ட பொசிஷன்கள்ல போட்டோ இல்ல வீடியோ கேப்பாங்க, இல்லன்னா ப்ரிலிம் க்ளாஸ் வைப்பாங்க. ஃபைனல் பெரும்பாலும் ஒரு நாள் பூரா. லியோடார்ட்ல நம்பர் குத்துவாங்க, க்ளாஸ் எடுப்பாங்க, மியூசிக் போட்டு சொந்தமா ஆடச் சொல்லுவாங்க, ஃபிசியோ படுக்க வெச்சு இடுப்பையும் கணுக்காலையும் அளந்து பாப்பாங்க, சில எடத்துல படிப்புக்கும் ஒரு டெஸ்ட். என் பொண்ணு இயர் சிக்ஸ்ல ஒரு ஃபைனல் வரைக்கும் போனா. பெத்தவங்கள எல்லாம் ஒரு ஹால்ல உக்கார வெச்சுட்டாங்க, காஃபி ஆறிப் போயிட்டே இருந்துச்சு, யாரும் யார் முகத்தையும் பாக்கல, மேல மாடிலேர்ந்து பியானோ மட்டும் கேட்டுச்சு, ஒவ்வொரு தடவ அது நடுவுல நின்னப்பவும் எல்லா அம்மாக்களும் ஒரே சமயத்துல நிமிந்தாங்க. வெளிய வந்தவ முதல்ல சொன்னது "அம்மா, அந்த மிஸ் என் கை விரல மாத்தி வெச்சாங்க, திரும்ப பண்ணப்ப நல்லா வந்துச்சு". சீட் கிடைக்கல, மெயில்ல காரணம் எதுவும் இல்ல, பொதுவா இந்த ஸ்கூல்கள் தனித்தனியா காரணம் சொல்றதில்ல. ஆனா அந்த விரல் விஷயத்த அவ இன்னமும் ஞாபகம் வெச்சுருக்கா. பேனல் நெஜமா பாக்கறதும் அதத்தான், சொல்லிக் குடுத்தத அடுத்த தடவையே உடம்புல கொண்டு வர முடியுதா, பாட்டுக்குள்ள இருக்காளா, இதெல்லாம் கால் எவ்வளவு உயரம் போகுதுங்கறதுக்கு சமமா முக்கியம். அதனால ஆடிஷனுக்கு முன்னாடி பாதத்தை மிஷின்ல மாட்டி வளைக்கறது, நாற்காலில கால வெச்சு ஓவர்ஸ்ப்ளிட்ல (கால நேர்கோட்டையும் தாண்டி விரிச்சு) உக்கார வைக்கறது, இந்த கூத்தெல்லாம் வேண்டாம், வளர்ற எலும்போட மூட்டு அது, ஒரு தடவ தளந்தா தளந்ததுதான்.

நம்ம வீடுகளுக்கு நேரம் மோதறது ஒரு தனி தலைவலி. லெவன் பிளஸ் பெரும்பாலும் இயர் சிக்ஸ் செப்டம்பர்ல, செகண்டரி ஸ்கூல் ஃபார்முக்கு கடைசி தேதி அக்டோபர் 31, எந்த ஸ்கூல் கிடைச்சுதுன்னு தெரியறது மார்ச் 1. பாலே ஆடிஷன் பெரும்பாலும் அதுக்கப்பறம் குளிர்காலத்துல. ஆடிஷன நம்பி கவுன்சில் ஃபார்ம அசால்ட்டா போடாதீங்க, பாலே சீட் வந்தா அத விட்டுக்கலாம், வராட்டி அதுதான் புள்ள அஞ்சு வருஷம் போகப் போற எடம்.

என் சாய்வு இப்ப புரிஞ்சிருக்கும். 11 வயசுல பணயம் வைக்கறது இன்னும் வளராத ஒரு உடம்ப, ஸ்கூலும் பணயம் வைக்குது, நாமளும் வைக்கறோம். தோத்தா ஸ்கூலுக்கு ஒரு சீட் போகும், புள்ளைக்கு வீடு, ஃப்ரெண்ட்ஸ், ஸ்கூல், தான் யாருங்கற எண்ணம் எல்லாம் ஒரே நாள்ல போகும். அதனால நல்ல டீச்சர் ஒரு மணி நேர தூரத்துக்குள்ள இருந்தா வீட்ல வெச்சுக்கங்க, வளர்த்தி முடியட்டும், 13லயோ 16லயோ போகட்டும். நல்ல டீச்சரே இல்லாத ஊர்ல இருக்கீங்க, புள்ள நம்ம சொல்லாமலே தானா கேட்டுக்கிட்டே இருக்கு, ஒரு வார ரெசிடென்ஷியல் சம்மர் ஸ்கூல் போய் அழாம திரும்பி வந்துச்சு, ஸ்கீம் பணமும் வருதுன்னா, அப்ப அனுப்புங்க, தைரியமா அனுப்புங்க. பையன்னா இன்னும் பொறுமையா இருக்கலாம், அவங்களுக்கு பலம் லேட்டாத்தான் வரும், போட்டியும் கொஞ்சம் கம்மி, ஆனா ஸ்கூல்ல கிண்டல் தாங்க முடியாம தவிக்கற பையனுக்கு ஹாஸ்டல் உயிர் மூச்சு மாதிரி அமையறதும் உண்டு.

16ல எல்லாருக்கும் புதுசா ஒரு வாசல். ராயல் பாலேயோட அப்பர் ஸ்கூல் கோவன்ட் கார்டன்ல, இங்கிலீஷ் நேஷனல் பாலே ஸ்கூல், எல்ம்ஹர்ஸ்ட்டோட சிக்ஸ்த் ஃபார்ம், இதுலெல்லாம் வெளிநாட்டுப் புள்ளைங்க குவிவாங்க. சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் பாலே, ராம்பர்ட் மாதிரி டிகிரி குடுக்கற எடத்துக்கு ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் வாங்கலாம், டிப்ளமா குடுக்கற சில எடத்துக்கு டான்ஸ் அண்ட் டிராமா அவார்டுன்னு வருமானத்த பாத்து குடுக்கற உதவி இருக்கு. பிரெக்சிட்டுக்கு அப்பறம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வெச்சு ஐரோப்பா கம்பெனில சேரணும்னா வேலை விசா வேணும், அதனால இங்க இருக்கற கொஞ்ச எடத்துக்கு நெருக்கடி இன்னும் ஏறியிருக்கு. ஏ லெவல விட்டுடாம கூடவே பண்ற வழி இருக்கான்னு ஒவ்வொரு ஸ்கூல்லயும் பாருங்க.

ஓப்பன் டே போறப்ப அழகான ஸ்டூடியோவ பாத்து மயங்கிடாம இதெல்லாம் கேளுங்க: இயர் செவன்ல சேந்தவங்கள்ல எத்தன பேர் இயர் லெவன் வரைக்கும் இருந்தாங்க? போகச் சொல்ற புள்ளைக்கு எத்தன டெர்ம் முன்னாடி சொல்லுவீங்க, புது ஸ்கூல் தேட யார் உதவுவாங்க? எத்தன ஜிசிஎஸ்இ? அடிபட்டு மூணு மாசம் ஆட முடியலன்னா அந்த வருஷ அசெஸ்மென்ட் என்னாகும்? புள்ளைய எடை பாப்பீங்களா, பாத்தா யார் பாப்பாங்க, எதுக்கு? சைவம் சாப்பிடற புள்ளைக்கு புரோட்டீன் எதுலேர்ந்து வரும்? ராத்திரி அழுதா யார்கிட்ட போகும்? பதில டான்ஸ் டைரக்டர்கிட்ட மட்டும் கேக்காதீங்க, சுத்திக் காட்ட கூட வர்ற இயர் டென் பொண்ணுகிட்டயும் மெதுவா கேளுங்க, உங்க புள்ளைய அவகூட ஒரு பத்து நிமிஷம் தனியா பேச விடுங்க.